கை எடுத்தால் நிற்கும்

சனிக்கிழமை பின்னேரம் மனைவி மெலனி பாடுவதற்காக உடுப்புத் தொங்கவிடும் கிளொசெட்டுக்குள் போய் நின்றபோது, கிளிபோட்டின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது. காலையில் தலைமயிர் வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸும் சப்வேயும் மாறி டவுன்ரவுனுக்குப் போய், அவளுக்குத் தெரியாமல் ஒரு சாமான் வாங்கி வந்திருந்தான். தலைமயிர் அப்படியேதான் இருந்தது. அவள் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை.

ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் அவர்களுடைய அப்பார்ட்மெண்ட். இரண்டாவது அறையில் கம்பியூட்டர், கீபோர்ட், இரண்டு ஸ்பீக்கர், மைக் ஒன்று. பாடுகிறவர் நிற்க வேண்டிய இடம் கிளொசெட். குளிர்கோட்டுகள் வரிசையாகத் தொங்கினால் எதிரொலி வராது என்பது கிளிபோட்டின் கண்டுபிடிப்பு. ஸ்காபரோத் தமிழ்ப் பூசையின் பாடகர் குழு அந்த வருடம் பாலன் பிறந்த நத்தாருக்கு ஒரு சீடி வெளியிடுவதாக இருந்தது. குழுவின் அரைவாசிப்பேர் அந்தக் கோட்டுகளுக்குள் நின்று வியர்த்து வழியத்தான் மாட்டுக்கொட்டில் குளிரைப் பற்றிப் பாடினார்கள்.

கிற்றார் வாசித்த பஸ்ரியன் பிக்கரிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டதில் வந்தது இந்தச் சிக்கலெல்லாம். வீடு வாங்கியதும் புல்லு வெட்டினான், பிறகு டெக் கட்டினான், பிறகு பேஸ்மென்ட் முடித்தான். கிற்றார் அந்தப் பேஸ்மென்டில் எங்கோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறதாம். அவன் விரல்கள் செய்த வேலையைச் செய்ய ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆள் கிடைக்காததால் கிளிபோட் அர்ப்பெஜியேட்டர் தேடத் தொடங்கினான். கம்பியூட்டரில் இருக்கும் ரெக்கோர்டிங் புரோகிராமுக்குள் சொருகிக்கொள்ளும் சின்னப் புரோகிராம் அது. கீபோர்டில் மூன்று கட்டைகளை அமர்த்திப் பிடித்தால் போதும். அந்த மூன்று சுரத்தையும் அது ஒன்றன்பின் ஒன்றாக, ஏறியும் இறங்கியும், களைக்காமல் வாசித்துக்கொண்டிருக்கும். பஸ்ரியனைப்போல இடையில் சிகரெட் பிடிக்கவும் போகாது.

கோடை முழுக்க அவன் இரண்டில் எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். ஒன்று எளிமையானது. கட்டையில் கை இருக்கும்வரை ஓடும், கை எடுத்தால் நிற்கும். விலை கூடிய மற்றதில் ஹோல்ட் என்று ஒரு பட்டன் இருந்தது. ஒருமுறை கட்டையை அமர்த்திவிட்டுக் கையை எடுத்தாலும், அடுத்ததை அமர்த்தும்வரை தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் காசில்லாத மாதிரிப் பிரதி இன்ரநெற்றில் கிடைத்தது. விலை கூடியதன் மாதிரியில் எதையும் பதிந்து வைக்க முடியாது. ஆகவே எளிமையானதை வைத்துத்தான் பாட்டுகளைப் பழகினார்கள். அதிலும் ஒரு குரங்குச் சேட்டை இருந்தது. காசு கட்டாத குற்றத்துக்காக, கால் நிமிடத்துக்கு ஒருமுறை அது சில செக்கன்கள் ஊமையாகிவிடும்.

முதல் தடவை பாட்டு வரியின் நடுவில் அது ஊமையாகியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெலனி மட்டும் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் யோசித்தாள். மெசினை ஓடவிட்டுச் சற்றுப் பொறுத்துத் தொடங்கினால் அந்த ஊமை இடங்கள் வரிகளின் முடிவில் வந்து விழும் என்றாள். அப்படியே விழுந்தன. எவ்வளவு கெட்டிக்காரி என்று கிளிபோட் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். அவளுக்கென்றே அவன் மெட்டமைத்த தாலாட்டு அது. பாலனை உறங்கச் சொல்லும் நீண்ட, மெதுவான வரிகள். பெப்ரவரியில் நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியபிறகு அவள் தனியாகப் பாடப்போகும் முதல் பாட்டு. அதற்கு முன்பெல்லாம் பூசையில் அவள் நன்றிப்பாட்டை எடுத்தால் கடைசி வாங்கிலில் இருக்கும் பிள்ளைகள்கூட வாயை மூடிவிடுவார்கள். இப்போது கைப்பைக்குள் மூச்சு முட்டினால் வாயில் அடிக்கும் ஒரு நீலநிறப் பம்ப் இருந்தது. படியேறும்போது மட்டும்தான் அது தேவை என்று அவள் சொன்னாள், அவனும் நம்பினான்.

அந்தச் சனிக்கிழமை, காலையில் வாங்கி வந்த விலை கூடிய புரோகிராமின் பெட்டியைத் திறந்து அவன் காட்டியபோது அவள் சிரித்தாள். ஹோல்ட் பட்டனை அமர்த்தினான். சுரங்கள் அறை முழுக்க ஓடின. பஸ்ரியன் கேட்டால் வெட்கப்படுவான் என்று நினைத்தான். மெலனி கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். முதல் வரி அழகாக வந்தது. இரண்டாம் வரியின் கடைசியில் ஒரு சொல் தேய்ந்தது. மூன்றாவதில் அவள் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டாள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதே இடம். அவன் வேகத்தைக் கூட்டிப் பார்த்தான், சுருதியைக் குறைத்துப் பார்த்தான். நாலாவது முறை அவள் கோட்டுகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“உந்தப் பாட்டை அருள்மலருக்குக் குடுங்கோ” என்றாள்.

அருள்மலர் குழுவில் அடுத்த குரல். நல்ல பிள்ளை, நல்ல குரல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவனுக்குச் சுள்ளென்று வந்தது. யாருக்காக இத்தனை நாள் மினக்கெட்டோம், ஒரு வார்த்தை நல்லாயிருக்கிறது என்று சொன்னாளா என்று மனம் புழுங்கியது. அன்றிரவு இருவரும் ரீவியைப் பார்த்துக்கொண்டே புட்டுச் சாப்பிட்டார்கள். ரீவியில் ஐஸ் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது விளங்காது.

ஞாயிறு பூசை முடிந்து ஹோலில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, குழுவை நடத்தும் எமில்டா அவனைத் தூணோரமாக மறித்தாள். சீடி அடிக்கிற இடத்தில் நாள் குறித்தாயிற்று, இனித் தள்ளிப்போட ஏலாது என்றாள். பிறகு மெலனி நிற்கும் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவள் பாடுறாளோ இல்லையோ எண்டு நாளைக்குச் சொல்லும், கிளிபோட். இந்தமுறை விட்டாளெண்டால் பிறகு பாடவே மாட்டாள். நான் அப்பிடிக் கனபேரைப் பாத்திட்டன்.”

அவனும் அந்தப் பக்கம் பார்த்தான். மெலனி மேசையோரத்தில் கைக்குழந்தை ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் தாய் சாப்பிட்டு முடிக்கும்வரை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன பாடுகிறாள் என்று அவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே லோன்றி அறைக்குப் போனாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தான். புதியதில் என்ன பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும், தேவையென்றால் சத்தத்தை மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கோடையில் பதிந்த பழைய பதிவைப் போட்டான். இசை ஓடியது, மெலனி பாடினாள், முதல் வரி முடிந்தது. காசு கட்டாத மெசின் வழக்கம்போல ஊமையானது.

அந்த ஊமைக்குள் ஒரு சத்தம் இருந்தது.

அவன் ஒலியைக் கூட்டித் திரும்பப் போட்டான். மூச்சு. நீளமாக, அடியில் மெல்லிய விசிலோடு, உள்ளே இழுக்கும் மூச்சு. பாதியில் தடைப்பட்டு, இன்னொருமுறை இழுத்து, பிறகுதான் நிரம்பியது. அடுத்த ஊமையிலும் அதே. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு வரியையும் அவள் அந்த இடைவெளியை நம்பித்தான் பாடியிருந்தாள். நிற்காமல் ஓடும் புதியதில் அந்த இடைவெளி இல்லை. எட்டு வருடமாகப் பக்கத்தில் படுக்கிற பெண்ணின் மூச்சு தனக்குக் கேட்கவில்லையே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய கெட்டித்தனத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நினைவுக்கு வந்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. அவள் ஏன் சொல்லவில்லை என்று ஒரு கணம் கோபமும் வந்தது. சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்பான் என்று யோசித்தான். பாட வேண்டாம் என்று சொல்லியிருப்பான், பம்பை எடு, படு என்றிருப்பான். அதுதான் அவள் சொல்லவில்லை.

பழைய மாதிரிப் பிரதியையே திரும்பப் போட்டாலென்ன என்று முதலில் தோன்றியது. அதன் தவணை முடிந்து, இப்போது திறக்கவே மறுத்தது. புதியதைத் திறந்தான். ஹோல்ட் பட்டன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டனுக்காகத்தான் கூடக் காசு கொடுத்திருந்தான். அதை அணைத்தான்.

மெலனி கூடையோடு வந்தபோது, காய்ந்த உடுப்பின் சூட்டு மணம் அறைக்குள் வந்தது. ஒருக்கால் பாடிப் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் துவாயை மடிப்பதை நிறுத்தவில்லை. அருள்மலருக்கு ரெலிபோன் எடுத்தாயிற்றா என்று திருப்பிக் கேட்டாள். இன்னும் இல்லை என்றான். அவள் நாலைந்து துவாய்களை மடித்து அடுக்கினாள். பிறகு, அவனுக்காகச் செய்கிற காரியம் என்பது முகத்தில் தெரிய, கோட்டுகளுக்குள் போய் நின்றாள்.

கிளிபோட் கதிரையைத் திருப்பிப் போட்டான். முன்பு கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டுதான் வாசிப்பான். இப்போது அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டு மூன்று கட்டைகளை அமர்த்தினான். சுரங்கள் ஓடத் தொடங்கின. அவள் முதல் வரியைப் பாடினாள். வரி முடிவதற்கு இரண்டு சொல் முன்னால் தோள் மெல்ல உயர்வதைக் கண்டான். கடைசிச் சொல் முடிந்ததும் கையை எடுத்தான்.

அறை அமைதியானது. மெலனி மூச்சை இழுத்தாள். விசில் கேட்டது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“உது காசு குடுத்து வாங்கினதெல்லோ. ஏன் நிண்டது?”

“அது நிக்கேல்லை. நான்தான் கையை எடுத்தனான்.”

நீலக்கோட்டின் கை ஒன்று அவள் தோளில் கிடந்தது, அதை விலக்கவும் இல்லை. அவனுடைய கை கட்டைகளுக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றது. மெலனி இரண்டாவது தடவையும் மூச்சை இழுத்தாள். இந்த முறை அதை ஒளிக்கவில்லை.