சிவப்பு நூல் கட்டிய தலையணை

சலவைக்கடைக்காரர் வாய் ஓயாதவர். "உங்க வீட்டு அழுக்கு எனக்கு அத்துப்படி" என்று வாடிக்கையாளர்களிடமே சொல்லிச் சிரிப்பார். ஆஸ்பத்திரிப் போர்வையோ விடுதி விரிப்போ, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வெள்ளை வெளேரென்று எடுத்துவிடுவார். மெஷினில் போடக் கூடாத துணிக்குச் சிவப்பு நூல் கட்டுவது கடை வழக்கம். அந்த நூலைப் பார்த்தால் வேலையாட்கள் தொடமாட்டார்கள்.

வீட்டிலும் ஒரு தலையணையில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அவர் மனைவியுடையது. அவள் போய்ச்சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புடவைகளை அவள் தங்கை எடுத்துப்போனாள். மிஞ்சியது அந்தத் தலையணையும் அதில் ஒட்டியிருந்த அவள் தலைமுடி வாசனையும்தான். மகள் அதைக் கட்டிக்கொண்டு படுப்பாள். கடையிலிருந்து வந்ததும், போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, அவர் அதை ஒரு தடவை மோந்து பார்ப்பார். பிறகுதான் கை கால் கழுவப் போவார்.

மகளுக்கு ஆஸ்துமா. அதற்காக மனிதர் செய்யாதது இல்லை. சிகரெட்டைத் தலைமுழுகினார். கொசுவர்த்தியை நிறுத்தினார். குளியலறைச் சுவரில் பூத்த பூஞ்சையைச் சுரண்டி எடுத்தார். திரைச்சீலை, கரடி பொம்மை எல்லாம் கொதிநீருக்குப் போயின. பக்கத்து வீட்டுப் பூனைக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. அப்படியும் காலையில் எழுந்தால் பிள்ளையின் நெஞ்சில் விசில் அடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தவளுக்கு மூச்சே வரவில்லை. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் டாக்டரம்மா கேட்டார்.

"மெத்தை விரிப்பு, தலகாணி எல்லாம் அடிக்கடி வெந்நீர்ல துவைக்கிறீங்களா? பழைய தலகாணிக்குள்ள தூசிப்பூச்சி அடஞ்சு கிடக்கும். கண்ணுக்கே தெரியாது."

"சலவைக்காரன்கிட்டயே கேக்குறீங்களே டாக்டர். எல்லாம் துவைச்சதுதான்."

முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. பிள்ளை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தப் பார்வை அவரைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் மச்சினியை மகளுக்குத் துணை வைத்துவிட்டுத் தலையணையோடு கடைக்குப் போனார். வேலையாட்களை டீ குடிக்க அனுப்பினார். கடைசியாக ஒருமுறை அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நூலை அறுத்தார். மெஷினில் போட்டு, இருப்பதிலேயே சூடான தண்ணீரைத் திறந்துவிட்டார். மனைவியை இரண்டாவது முறை வழியனுப்புகிற மாதிரி இருந்தது. மெஷின் சத்தத்தில் வாய்விட்டு அழுதார்.

மகள் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா தலகாணிய துவைச்சுட்டேன்டா கண்ணு. வாசனை போயிடுச்சு. அப்பா மேல கோபப்படாத."

"அது எப்பவோ போயிடுச்சுப்பா."

"எப்பவோன்னா?"

"மழைக்கு முன்னாடியே. அப்புறம் வெறும் தூசி நாத்தம்தான்."

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை நாளும் அவர் மோந்தது என்ன?

"அப்புறம் ஏன்டா அதைக் கட்டிக்கிட்டுப் படுத்தே?"

மகள் போர்வையின் ஓரத்தைத் திருகினாள்.

"நீங்க தினம் வந்து மோந்து பாப்பீங்க. அன்னிக்கு ஒரு நாள் அத ஒளிச்சு வச்சேன். நீங்க சாப்பிடாமலே படுத்துட்டீங்க."

அவர் எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் பார்க்கப் பார்க்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.