சொல்லச் சொன்னாங்க

அந்த சலூன்காரருக்கு வாய் இருக்கிறதே, அது சும்மா கிடக்கிற வாய் இல்லை. கத்தரி ஓட ஓட அதுவும் கூடவே ஓடும். முகம் மழிக்க வந்தவர் நுரையோடு சிரித்துத் தொலைத்தால் கன்னம் கிழியுமே என்று கத்தியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மீதிக் கதையை முடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்குள் காலை வைத்ததும் ஊமையாகிவிடுவார். மனைவியோடு பேச்சு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதில் பெருமை வேறு! முன்பெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் தெருவே கூடும்படி கத்துவார்கள். ஒருநாள் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது மூத்த பெண் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்து, மடியில் கிடந்த கைக்குழந்தைத் தம்பியின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இருவருக்கும் குலை நடுங்கிவிட்டது. இனிமேல் பிள்ளைகள் எதிரில் சண்டையே போடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். காப்பாற்றவும் செய்தார்கள். ஆனால் சண்டை போடாமல் பேச அந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதனால் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

வீடு நடக்க வேண்டுமே? அதற்குத்தான் மூத்தவள் இருந்தாள்.

"உங்கப்பாகிட்ட கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லு."

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இருவரும் நிற்பது ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில். இருந்தாலும் அந்தப் பெண் நடுவில் வந்து இன்னொரு தரம் சொன்னால்தான் காதில் விழுந்ததாக அர்த்தம். என்ன கூத்து இது! "உங்கம்மாவுக்குக் கொழுப்பு அதிகம்னு சொல்லு" என்று அவர் பல்லைக் கடித்தால், "அப்பா சரின்னு சொல்றாரு" என்று அவள் மாற்றிச் சொல்லிவிட்டு நிற்பாள். பாதிக் கணக்கில் எழுந்து போய் எழுந்து போய், அவள் பாடம் பாதியில்தான் கிடக்கும். விரல் நகங்களை ரத்தம் வருமளவுக்குக் கடித்து வைத்திருந்தாள்.

இப்போது சின்னவன் பாலர் பள்ளிக்குப் போகிறான். அங்கிருந்துதான் இருவரையும் சேர்ந்து வரச்சொல்லி ஆள் வந்தது. போனார்கள். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். மூத்தவள் நடுவில்.

"உங்க பையன் என்கிட்ட எதுவுமே கேக்கறதில்ல" என்றாள் டீச்சர். "பக்கத்துல இருக்கற பாப்பா காதுல, 'தண்ணி வேணும்னு டீச்சர்கிட்ட சொல்லு'ங்கறான். நேத்து கதவுல விரல் நசுங்கிடுச்சு. அந்தப் பாப்பா நேத்து வரல. இவன் என்கிட்ட வரவே இல்லங்க. கைய மடிச்சு வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான். சாயங்காலம் அக்கா வந்தப்புறம்தான், 'வலிக்குதுன்னு டீச்சர்கிட்ட சொல்லு'ன்னான். பாத்தா, நகமே கறுத்துப்போயிருக்கு."

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்டுல நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிப்பீங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் மூத்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"பிள்ளைங்க முன்னாடி நாங்க சண்டையே போடறதில்ல டீச்சர்" என்றாள் அம்மா.

"அய்யோ, அதுக்கில்லங்க. மொதல்ல இந்தப் பொண்ண விட்டுடுங்க, பாவம். நீயும் இனிமே எதையும் கொண்டுபோய்ச் சொல்லக் கூடாது, தெரியுதா? நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசுங்க. உப்பு கம்மின்னாவது பேசுங்க. அதப் பாத்தாத்தான் அவன் கத்துப்பான்."

கடைக்குத் திரும்பிய சலூன்காரருக்கு வேலை ஓடவில்லை. பெற்ற பிள்ளை தன் முகத்தைப் பார்த்து ஒரு தடவையாவது 'அப்பா' என்று கூப்பிட்டிருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை. "அக்கா, அப்பாவத் தூக்கச் சொல்லு" என்றுதான் கையை நீட்டுவான். இதை மழலை என்று நினைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மடையன்! எப்பாடுபட்டாவது அவன் வாயால் அந்த ஒரு வார்த்தையை நேராகக் கேட்டுவிட வேண்டும்.

அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்தினார். வழியெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். 'சாப்டியா?' அவ்வளவுதான். முடிவெட்ட வருகிற முன்பின் தெரியாதவனிடமெல்லாம் கேட்கிற வார்த்தை.

மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் திரும்பினாள். அவள் உதடும் எதற்கோ அசைந்தது. அவர் வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாலேயே, 'அன்னைக்கு என்னைப் பாத்து அப்படிச் சொன்னியே' என்பதும், அதற்குப் பின்னால் இரண்டு வருஷத்துக் கோபமும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. இப்போது விட்டால் கத்தலில்தான் போய் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். பாவி மனுஷன், வாய்வரைக்கும் வந்ததை விட்டுவிட்டார்.

முன்னறையில் வந்து உட்கார்ந்தார். மூத்தவள் மூலையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கே எழுந்து ஓடுகிறவள் இன்றைக்கு எழவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே சத்தம் அடங்கியது. பிறகு யாரோ குசுகுசுவென்று பேசுவது கேட்டது.

சின்னவன் ஓடிவந்தான். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, அவர் கண்ணையே பார்த்தான்.

"அப்பா!"

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "என்னடா ராஜா? என்னடா கண்ணு?"

"அப்பா, நீ சாப்ட வரணுமாம். அம்மா சொல்லச் சொன்னாங்க."

பையன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பெரியவர்கள் வேலை தனக்குக் கிடைத்துவிட்டதே! பதிலை வாங்கிக்கொண்டு போகக் காத்து நின்றான். எழுந்து நாலு எட்டு வைத்து உள்ளே போய், அவளிடமே சொன்னால் ஆயிற்று. அது அவருக்குத் தெரியாமலா இருக்கிறது? எழப் பார்த்தார். அவளிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று நினைத்ததுமே கால் மறுத்துவிட்டது. மூலையில் மூத்தவள் புத்தகத்தைத் தாழ்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன்னு சொல்லு" என்றார்.

பையன் குதித்துக்கொண்டே உள்ளே ஓடினான்.