இன்னும் பக்குவம் வரவில்லை

சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்ப்பது அவள் வேலை. அங்கே எல்லோரும் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிப்பெயர்தான் என்றாலும் அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. மூக்கை வைத்துப் பிழைப்பவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்! அப்படிப்பட்டவளை, கல்யாணமாகி இருபது வருஷம் ஆனதைக் கொண்டாட, விஸ்கி காய்ச்சும் ஒரு பழைய மாளிகைக்கு இரண்டு நாள் தங்க அழைத்து வந்திருந்தார் கணவர். அவர் கணக்கு வாத்தியார். ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. அவர் வாழ்நாளில் போட்ட கணக்குகளிலேயே இதுதான் விசித்திரமானது.

ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பார்லி வயல். உள்ளே பட்டு மெத்தை, கால் புதையும் கம்பளம், ஆள் முழுகும் குளியல் தொட்டி.

"இதுலயே நீச்சல் கத்துக்கலாம் போலிருக்கே" என்றார் வாத்தியார்.

அவளோ வந்ததிலிருந்து காற்றை மோந்துகொண்டே இருந்தாள். ஈரக் கல், பழைய மரம், புளித்த மாவு. அது வேலையில்லை, ஆசை.

மத்தியானம் விருந்தாளிகள் எட்டுப் பேரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். சுவரில் அந்தக் காலத்துச் செம்புக் கரண்டிகள் தொங்கின. ருசிக்காரர் என்று அங்கே எல்லோரும் அழைக்கும் பெரியவர்தான் பேசினார். எந்தப் பீப்பாய் எப்போது பக்குவமாயிற்று என்று மோந்து சொல்வது அவர் பொறுப்பு. அவர் வாய் திறக்காமல் அங்கிருந்து ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. மாளிகைக்குச் சொந்தக்காரியான முதலாளியம்மாவின் கொள்ளுத்தாத்தா விஸ்கிக்கு ஏற்ற தண்ணீருக்காகச் சுனை தேடி அலைந்த கதையை அவர் சொன்னபோது, சிரிப்பும் பயமுமாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஆளுக்கு நாலு கோப்பை விஸ்கி வந்தது. மூக்கம்மா ஒவ்வொன்றையும் மோந்ததும் முழங்கையின் உள்மடிப்பில் மூக்கைப் புதைத்து எடுத்தாள். தன் உடம்பு வாசனையில் மூக்கைக் கழுவிக்கொள்ளாவிட்டால் மூன்றாவது வாசனையிலேயே எல்லாம் குழம்பிவிடும். மூக்கால் பிழைக்கும் யாரும் இதைச் செய்யாமல் இருக்க முடியாது. ருசிக்காரர் ஒருமுறைகூடச் செய்யவில்லை. மோந்துவிட்டு, விருந்தாளிகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

இதென்ன கூத்து என்று அவள் யோசிக்கும்போதே, பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் கை தவறி வாத்தியாரின் கோப்பையை எடுத்துவிட்டது. கௌரவத்துக்காக அதில் வாத்தியார் பால் விடாத டீயை ஊற்றி வைத்திருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. நிறம் மட்டும் அச்சு அசல் விஸ்கி.

ருசிக்காரர் ஆழமாக மோந்தார். "பன்னெண்டு வருஷம் மரத்துல ஊறினது. முதல்ல தேன், அப்புறம் காஞ்ச திராட்சை, கடைசில லேசா புகை."

வாத்தியார் சிரிக்க வாயைத் திறந்தார். மூக்கம்மா மேஜைக்கு அடியில் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். அவர் சிரிப்பு இருமலாகிப் போனது.

"பாவம், வயசாச்சு" என்றார் வாத்தியார், அறைக்கு வந்ததும்.

"வயசு இல்லைங்க. வேற ஏதோ இருக்கு."

"உனக்கு எதுக்கு ஊர் வம்பு? ரெண்டு நாள் சும்மா இருக்க மாட்டியா?"

அவளால் முடியவில்லை. மறுநாள் காலை பீப்பாய்க் கொட்டடிக்கே போய்விட்டாள். ருசிக்காரர் தனியாக இருந்தார்.

"ஐயா, நானும் மூக்கால பொழைக்கிறவதான். நேத்து நீங்க மோந்தது டீ."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியாமல் அப்படியே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசம் முன்னாடி ஒரு காய்ச்சல்மா. காய்ச்சல் போச்சு. போறப்ப மூக்கையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு."

"அப்புறம் எப்படி சமாளிக்கிறீங்க?"

"எந்தப் பீப்பாயத் திறந்தாலும் 'இன்னும் பக்குவம் வரல'ன்னு சொல்லிடுவேன். என்னை யாரு எதுத்துப் பேசுவாங்க? ஆறு மாசமா ஒரு பாட்டில்கூட வெளிய போகல. வேற வழியில்லாமதான் முதலாளியம்மா மாளிகைய விருந்தாளிங்களுக்குத் திறந்துவிட்டாங்க. நீங்க படுத்திருக்கிற பட்டு மெத்தை என் பொய்ல வந்ததும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பரிதாபமும். ஜலதோஷம் பிடித்தாலே ராத்தூக்கம் போய்விடும் அவளுக்கு. அவர் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"இன்னிக்குப் பொய் செல்லாது" என்றார் அவர். "இங்க விஸ்கி காய்ச்ச ஆரம்பிச்ச நூறாவது வருஷத்துப் பாட்டிலுக்கு இந்த ரெண்டு பீப்பாய்ல ஒண்ண மத்தியானம் சொல்லியே ஆகணும். ஒண்ணுல பூஞ்சணம் பிடிச்சிருக்குமோன்னு சந்தேகம். எதுன்னு தெரியல. நீங்க மோந்து என் காதுல மட்டும் சொல்லிடுங்கம்மா. நான் பொழச்சிக்குவேன்."

"இன்னிக்கு நான் சொல்லிடுவேன் ஐயா. நாளைக்கு நான் ஊருக்குப் போயிடுவேனே."

அவள் பீப்பாயைத் தொடவில்லை.

மத்தியானம் முதலாளியம்மா வந்தார். விருந்தாளிகள், வேலைக்காரர்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். ருசிக்காரர் முதல் கோப்பையை மோந்தார். இரண்டாவதை மோந்தார். மறுபடி முதலாவதை எடுத்தார். இரண்டையும் தட்டில் வைத்துவிட்டார்.

"எதுங்க ஐயா?" என்றார் முதலாளியம்மா.

"தெரியலம்மா. ஆறு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியல."

முதலாளியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ பக்குவம் வரல, பக்குவம் வரலன்னு சொன்னதெல்லாம்?"

"தப்பானது ஒண்ணு நம்ம பேர்ல வெளிய போயிடக் கூடாதுன்னுதான். எனக்கு வேற வழி தெரியலம்மா. இந்தம்மாவுக்கு மூக்கு இருக்கு, அவங்களைக் கேளுங்க."

முதலாளியம்மா கோப்பைகள் இருந்த தட்டை மூக்கம்மா பக்கம் நகர்த்தினார். அவள் முதலாவதை மோந்தாள். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். முழங்கையில் மூக்கைக் கழுவிவிட்டு இரண்டாவதை எடுத்தாள்.

"இதுதான்."

முதலாளியம்மா வேலைக்காரர்களைப் பார்த்து அந்தப் பீப்பாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கூட்டமும் பின்னாலேயே போனது. ருசிக்காரர் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் மெல்ல.

மூக்கம்மா திரும்பவும் மோந்தாள். இந்தத் தடவை அவருக்காக.

"புது மரம். கொஞ்சம் மெழுகு. வெயில்ல காஞ்ச வைக்கோல்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்கும் கீழ, ரொம்பக் கீழ, பேரிக்காய் இருக்கணுமே? இருக்காம்மா? பதினெட்டு வருஷம் முன்னாடி நான்தான் அதை நிரப்பி மூடினேன்."

அவள் அவசரப்படவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பொத்திச் சூடாக்கி, மூச்சை இழுத்துத் தேடினாள்.

"இருக்கு ஐயா" என்றாள்.