தண்ணீர் உள்ள வீட்டுப் பெண்

"உங்கப்பன் வால்வை மூடிட்டானா?"

மாமனார் தோட்டத்துத் தொட்டியருகே நின்று கத்தியது சமையலறை வரை கேட்டது. மருமகள் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்தாள். தொட்டிக்குள் கொட்ட வேண்டிய குழாய் கொஞ்சம் காற்றையும் கொஞ்சம் சேற்றையும் துப்பிவிட்டு அடங்கியது.

"அப்பா மூட மாட்டாரு மாமா. அங்கேயே தண்ணி இறங்கியிருக்கும்."

"இறங்கினா அங்க இறங்கட்டும். இங்க வந்தாகணும். பேச்சு அப்படித்தானே?"

பேச்சு அப்படித்தான். வர வேண்டிய மாதத்தில் வராத மழை, கதிர் முற்றிய நேரம் பார்த்துக் கொட்டித் தீர்க்கத் தொடங்கிய பிறகு, அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு வழி தேடிக்கொண்டார்கள். ஒருவர் மாட்டை விற்று ஆடு வாங்கினார். இன்னொருவர் சொட்டுநீர்க் குழாய் போட்டார். எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனார். இந்த வீடு கண்டுபிடித்த வழி கல்யாணம். நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், உங்கள் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எங்கள் கரும்புக்கு ஒரு குழாய் போதும் என்று பெரிய மனது பண்ணிக் கேட்டார்கள். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். பெண்ணைப் பெற்றவர் பூரித்துப்போய்ச் சம்மதித்தார்.

"போய் என்னன்னு பாத்துட்டு வா" என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வாய்க்காலைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள். அப்பாவின் கத்தரிச் செடிகள் இலை சுருண்டு நின்றன. அப்பா மோட்டார் அறை வாசலில் குந்தியிருந்தார்.

"இன்னும் ஆழமாப் போட்டா தண்ணி கெடைக்கும்னு சொல்றாங்கம்மா. மேட்டு நிலத்த வித்துடலாம்னு பாக்கறேன்."

"உங்க செடிக்கு ஏம்ப்பா தண்ணி விடல?"

"இருந்ததே கொஞ்சம். ரெண்டு பக்கமும் எப்படி விடறது? நீ அந்த வீட்ல தலை நிமிந்து நிக்கணுமில்ல."

"நிலத்த விக்காதீங்கப்பா. நான் பேசிக்கறேன்."

பேசவும் செய்தாள். ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, பரிமாறிக்கொண்டே சொன்னாள். "கரும்ப விட்டுட்டுச் சோளம் விதைச்சுப் பாக்கலாமா மாமா? பெய்யற மழைக்கு அதுதான் தாங்கும். அதோட தட்டை இருந்தா ஆடும் வளக்கலாம்."

மாமனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். "கரும்புக்காரர் வீடுன்னு ஊர்ல பேரு. அதைச் சோளத்தட்டைக்கு விக்கச் சொல்றியா?"

"நீ தண்ணி கொண்டு வரத்தான் வந்தே. யோசனை கொண்டு வரல" என்றாள் மாமியார்.

கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசுவான் என்று அவள் கரண்டியோடு நின்றாள். அவன் குழம்பு கேட்டான்.

அன்றிலிருந்து மாமியார் அவளுக்கு வைத்த பெயர் காத்துக்குழாய். "ஏ காத்துக்குழாய், துணியை எடு." கொழுந்தன் கூடச் சிரித்தான். பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று பல தடவை தோன்றும். போனால் மறுநாளே அப்பா மேட்டு நிலத்தை விற்றுவிடுவார். இந்த வீட்டில் இருக்கவும் முடியவில்லை, அந்த வீட்டுக்குப் போகவும் வழியில்லை. கரும்பு தோகையோடு காய்ந்தது.

அப்போதுதான் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தது. தரகர் ஒரு வீட்டைச் சொன்னார். பெண் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்டார்கள்.

"வத்தவே வத்தாதுங்க" என்றார் தரகர்.

அந்தத் தண்ணீரை எவ்வளவு தூரமானாலும் குழாய் இழுத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவாயிற்று. மூத்த மருமகள் இல்லாமல் பெண் பார்க்கப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதால், நல்ல சேலை கொடுத்து அவளையும் வேனில் ஏற்றினார்கள்.

அங்கே ஆண்கள் நேராகத் தோட்டத்துக்குப் போனார்கள். மோட்டார் போடும் சத்தமும், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமும், "அடேயப்பா!" என்று மாமனார் மகிழ்ந்ததும் உள்ளே கேட்டன. சமையலறையில் அந்தப் பெண் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? அந்த வீட்ல எல்லாரும் நல்லவங்களா?"

மருமகள் வாசலைப் பார்த்தாள். மாமியாரின் பேச்சுக்குரல் முன்னறையில்தான் இருந்தது. வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. அப்பாவின் கத்தரிச் செடிகள் கண்முன் வந்து நின்றன.

"நல்லவங்கதான்மா, தண்ணி வர்ற வரைக்கும். எங்கப்பா கிணறு வத்துச்சு. இப்ப எனக்கு அங்க பேரு காத்துக்குழாய்."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தேநீர்த் தட்டை மேடையில் வைத்துவிட்டு, ஆண்கள் திரும்பி வந்திருந்த முன்னறைக்கு வெறுங்கையோடு போனாள்.

"அப்பா, எனக்கு இந்த இடம் வேணாம்."

வேன் ஊரைப் பார்த்துத் திரும்பியது. மாமியார் பல்லைக் கடித்தாள். "என்னடி சொன்னே அவகிட்ட?"

"கேட்டா. உள்ளதச் சொன்னேன்."

கணவன் திரும்பிப் பார்த்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நிலைமை முற்றுவதற்குள் முன்சீட்டிலிருந்து தரகர் சமாதானம் சொன்னார். "விடுங்க. பெரிய கிணத்துக்காரர் வீடு ஒண்ணு இருக்கு. அடுத்த வாரமே போயிடலாம். ஆனா ரொம்ப மரியாதை பாக்கறவங்க. குடும்பத்தோட, மருமகளோடதான் போகணும்."

மாமனார் தலையாட்டினார். வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அவளுக்கும் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அந்த வீட்டிலும் ஒரு சமையலறை இருக்கும். உள்ளே ஒரு பெண் நிற்பாள்.