அருளையாவின் பயம்

இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழர்களில் அருளையாவைத் தெரியாதவர்கள் குறைவு. அங்கே கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியைப் பராமரிப்பது அவர் வேலை. படுக்கையில் கிடந்த அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தினமும் கதைத்துக் கதைத்தே எழுந்து நடக்க வைத்தார். அதன்பிறகு தலையிடி, நித்திரையின்மை, மூச்சடைப்பு என்று ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை.

"வருத்தம், நோய் ஒண்டும் உடம்பில இல்லை. மனம் பயந்து நம்பினதைத்தான் உடம்பு செய்யுது. பயத்தை விடுங்கோ" என்பார். பலருக்குச் சுகமும் வந்தது.

ஒரு ஞாயிறு, பூசைக்குப் புறப்படும்போது மனைவி அற்புதமலரின் சட்டைக் கொளுக்கியை மாட்டிவிட்டார். அக்குளுக்குக் கீழே கல்லுப்போல ஒன்று விரலில் தட்டுப்பட்டது. மலர் சட்டென்று விலகினார்.

"எப்ப இருந்து?"

"நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி."

"ஏன் சொல்லேல்லை?"

"நான் பயந்துதான் இதை வளத்தன் எண்டு நினைப்பியள். பயப்பிடாமல் இருக்கத்தான் பாத்தன். ஏலாமக் கிடக்கு."

அருளையா கட்டிலில் இருந்துவிட்டார். ஊருக்குச் சொல்வதைத் தனக்குச் சொல்லிப் பார்த்தார். தான் பயப்படப் பயப்பட அது இந்தக் கணமே மலருக்குள் பெரிதாகிறதோ என்று தோன்றியது. அந்த நினைப்பு இன்னும் உலுக்கியது.

"கையைப் பிடிச்சுக் கதையுங்கோவன், மற்றாக்களுக்குக் கதைக்கிற மாதிரி."

பிடித்தார். "பயத்தை விடும்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, அந்தக் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"உங்களுக்கும் பயமோ?"

"ஓம். சரியான பயம். வெளிக்கிடும், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

புற்றுநோய்தான். "இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"வேலை. நேரம் கிடைக்கவில்லை" என்று மலர் இத்தாலியனில் பொய் சொன்னார்.

சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பல்லரோச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் கிளறா.

"அண்ணை, நெஞ்சுக்கை குத்துது. பின்னேரம் வரட்டோ?"

"முதல் டொக்டரிட்டைப் போ, பிள்ளை. இப்பவே போ."

"நீங்கள்தானே வருத்தம் எண்டு ஒண்டும் இல்லை எண்டனீங்கள்?"

"பயம் சிலநேரம் பொய் சொல்லும், சிலநேரம் உண்மை சொல்லும். எது எதெண்டு எனக்குப் பிடிபடேல்லை, கிளறா."

மலரின் கட்டியை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றுவது இன்னும் நடக்கிறது. அருளையாவிடம் இப்போதும் சிலர் வருகிறார்கள். டொக்டரிடம் காட்டிவிட்டு வந்தால்தான் பக்கத்தில் இருந்து கதைக்கிறார். அடுத்த ஸ்கான் மே மாதம். மலர் அதைப்பற்றிப் பேச்செடுத்தால் அருளையா பேச்சை மாற்றுவதில்லை. தனக்கும் நெஞ்சு பதறுகிறது என்று சொல்லிவிடுகிறார்.