நீல அட்டை, பச்சை அட்டை, பெரியப்பா

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். ஒப்பீட்டு அதிகாரி வந்த அன்று காலை பத்து மணிக்குள் இரண்டும் ஆகிவிட்டது.

மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் இறங்கித் தீனி போடுவது என் வேலை. முதுகில் சிலிண்டர், வாயில் மூச்சுக்குழாய், இடது கையில் மூடி போட்ட வாளி. பதினொரு வருஷமாக இதுதான். முக்குளிக்கப் பழக்கி அட்டை கொடுக்கும் சங்கங்கள் பல உண்டு. என்னிடம் இருப்பது நீல அட்டை. போன மாதம் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான், பச்சை அட்டைச் சங்கத்தின் பயிற்சிதான் கறாரானது என்று கொளுத்திப் போட்டுவிட்டார். எது உசத்தி என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் அனுப்பிவிட்டார்கள். அவர் வைக்கும் சோதனையில் நான் தேறாவிட்டால் டிக்கெட் கவுண்டருக்குப் போக வேண்டும்.

டிக்கெட் கவுண்டர் ஒன்றும் நரகம் இல்லை. மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, சம்பளமும் அதேதான். ஆனால் அங்கே பெரியப்பா இல்லை.

பெரியப்பா என்பது தொட்டியில் இருக்கும் களவா மீன். என்னைவிட ஒரு சாண்தான் குட்டை. கல்யாண வீட்டில் யாரும் வாங்க என்று கேட்காத பெரியப்பாவின் முகம், கீழுதடு தொங்கியபடியே இருக்கும். நான் இறங்கினால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் வந்து தோளில் முட்டும். என் வீட்டில் நான் உள்ளே நுழைந்தால் வீட்டுக்காரர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' என்பார். மகளுக்கு அந்த 'ம்'முக்கும் நேரமில்லை. உள்ளதைச் சொல்கிறேன், நான் வந்ததற்காகச் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன் அந்த மீன்தான்.

தண்ணீர் சுத்திகரிக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

"தங்கச்சி, அது உன்னப் பாத்து வரல. வாளியப் பாத்து வருது."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாண்ணே?"

"வரும். உள்ளதச் சொன்னா உனக்குத்தான் பிடிக்காது."

அதிகாரி மழையில்லாத நாளில் குடையோடு வந்தார். தொட்டியின் மேல்தளத்தில், தண்ணீரிலிருந்து எட்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். மடியில் போர்வை அகலத்துக்கு ஒரு தாள். இடது பக்கம் நீலம், வலது பக்கம் பச்சை, நடுவில் அவர் போட்ட கணக்கு.

"நீலத்துல இருநூறு மீட்டர் நீந்தணும். பச்சையில பத்து நிமிஷம் மிதக்கணும். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தேன். நூத்தஞ்சு வருது."

"நூத்தஞ்சு என்ன சார்?"

"அதத்தான் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன்" என்றார்.

அடுத்து என் அட்டையை வாங்கிப் புரட்டினார். "பதினெட்டு மீட்டர் ஆழம் வரைக்கும் போக அனுமதி இருக்கு. இங்க தொட்டி எவ்வளவு ஆழம்?"

"நாலு மீட்டர்."

"அப்ப மீதி பதினாலு மீட்டரப் பதினொரு வருஷமா எங்க வச்சிருக்கீங்க?"

காது சிவந்தது இந்த இடத்தில்தான். வீட்டில் அலமாரிக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். மோட்டார் அண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு குழாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

தாளின் அடிப்பாகத்துக்கு வந்ததும் அதிகாரி பேனாவை மூடினார். இரண்டு சங்கமும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற ஒரே விதி அங்கே இருந்தது: தண்ணீருக்குள் தனியாக இறங்கக் கூடாது, கூட ஒரு ஜோடி வேண்டும்.

"உங்க ஜோடி யாரு?"

எனக்கு ஜோடி கிடையாது. ஆள் போடச் சொல்லிக் கேட்டு நான் எழுதிய கடிதங்கள் எந்த மேசையில் தூங்குகின்றனவோ தெரியாது. மோட்டார் அண்ணனுக்கு நீந்தத் தெரியாது. இருந்த எரிச்சலில், "பெரியப்பாதான்" என்று கீழே கையைக் காட்டினேன்.

அதிகாரி எட்டடி தூரத்தை நாலடியாக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஜோடி மனுஷனாத்தான் இருக்கணும்னு ரெண்டு சங்கமுமே போடல" என்றார். "இருநூறு மீட்டர் நிக்காம நீந்துவாரா?"

"நிக்கவே மாட்டார்."

"பத்து நிமிஷம் மிதப்பாரா?"

"தூங்கிக்கிட்டே மிதப்பார்."

"எழுத்துத் தேர்வு?"

"வயசாயிடுச்சு சார்" என்று அண்ணன் குழாய்ப் பக்கமிருந்து சொன்னார். வயது காரணமாக விலக்கு என்று அதிகாரி குறித்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் பெரியப்பா இரண்டு சங்கத்திலும் தேறிவிட்டார். நீல அட்டைக்கு நான் நாலு நாள் உயிரை விட்டதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கடைசியாக ஒரே ஒரு செய்முறை. நான் அடியில் மண்டியிட்டு, கழுத்தை அறுப்பது போல் கையை வீசி, காற்று தீர்ந்துவிட்டது என்று சைகை காட்ட வேண்டும். ஜோடி உடனே என்னிடம் வர வேண்டும்.

"வாளி கூடாது" என்றார் அதிகாரி. "அது லஞ்சம்."

"தேவையே இல்ல" என்றேன். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "வேண்டாம் தங்கச்சி, உடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றார். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. பதினொரு வருஷம் முட்டிய தோள் இது, பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதிகாரி கீழே போய்க் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றார். நான் மணலில் மண்டியிட்டேன். பெரியப்பா வழக்கம்போல என் பக்கம் திரும்பி, பாதி தூரம் வந்தது. நான் கையை வீசினேன். அது என் வலது கையைப் பார்த்தது. இடது கையைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, சிமெண்டுப் பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.

இரண்டாவது தடவை வீசினேன். மூன்றாவது தடவையும் வீசினேன். வால் அசையவில்லை. சிலிண்டரில் காற்று நிறைய இருந்தது, ஆனாலும் எனக்கு உண்மையிலேயே மூச்சு முட்டியது. அடப்பாவி, ஒரு தடவை, பேருக்காவது வந்துவிட்டுப் போயிருக்கலாம்.

மேலே ஏறினேன். அண்ணன் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அவர் சிரித்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் துண்டை மட்டும் நீட்டினார்.

அதிகாரி படியேறி வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு.

"பாஸ் பண்ணிட்டீங்கம்மா."

"எப்படி சார்? அது வரவே இல்லையே."

"பச்சையில ஜோடி கண்ணுக்குத் தெரிஞ்சா போதும். அவரோட வாலு தெரிஞ்சுது. நீலத்துல, நீர்வாழ் உயிர் எதையும் தன் பக்கம் இழுக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. என் சர்வீஸ்ல எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். ஒரு மீனக்கூடத் துளியும் கவராத ஆள் நீங்க ஒருத்தர்தான். முழு மதிப்பெண்."

அதை அறிக்கையிலும் அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். வீட்டுக்காரரிடம் காட்டினேன். 'ம்' என்றார்.

மறுநாள் காலை உடை மாட்டிக்கொண்டு மேல்தளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். கால் மட்டும் தண்ணீரில் இருந்தது. அண்ணன் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இன்னைக்கு வேணா நான் மேல இருந்தே போட்டுடட்டுமா?"

"பாஸான ஆள் நான். நான்தான் போடணும்" என்று வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அடியைத் தொடுவதற்குள் பெரியப்பா வந்து தோளில் முட்டியது. எப்போதும்போல, ஆசையாக, இரண்டு தடவை. நான் அதன் முகத்தைப் பார்க்காமல் தீனியைப் போட்டேன். அது அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.