நாலு விரல் முன்னால்

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது; முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வண்டியை எடுக்கப் போன பட்டறையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. இரண்டே இருக்கை. பக்கத்தில் குள்ளமான ஒரு பெண். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2
முதல் தொடக்கம்: “அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்ட—” வேண்டாம். மழைக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: “கணக்கு டீச்சர் இரண்டாவது கியரைப் போட்டாள், வண்டி கரகரவென்று கத்தியது.” இது இருக்கட்டும்.

கார் அவள் வீட்டுக்காரருடையது. (முதல் பிரதியில் அவரைச் சாகடித்திருந்தேன். செத்தவருக்காக ஏங்குவதில் ஒரு நிம்மதி உண்டு. அதை அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.) பதினாலு மாதத்துக்கு முன், கொஞ்ச நாள் தனியாக இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு போனார். எங்கே, யாரோடு என்று என்னைக் கேட்காதீர்கள். அவளும் கேட்கவில்லை.

3
மெக்கானிக் நல்ல நெட்டை. அது முக்கியம்.

முதல் தடவை கியர் ஆயிலை மாற்றி, தானே ஓட்டிப் பார்த்தார். கியர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. டீச்சர் தெருமுனை தாண்டவில்லை, கரகர. அடுத்த தடவை கிளட்ச் குழாயில் இருந்த காற்றை எடுத்தார், கியர் தண்டின் அடியில் தேய்ந்த புஷ் வளையத்தை மாற்றினார். அவர் கைக்கு விழுந்த கியர் அவள் கைக்கு விழவே இல்லை. மூன்றாம் தடவை அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நீங்கள் ஓட்டுங்கள் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு தெரு போனார்கள். அவர் கியரைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தார். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பெருவிரல் நுனியால் கிளட்சை எட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு அங்குலம் மிதிபடவே இல்லை. பாதிக் கிளட்சில் மாற்றினால் எந்தக் கியர்தான் கத்தாது?

4
ஓரங்கட்டச் சொன்னார்.

“கியர் பாக்ஸ்ல ஒண்ணுமில்ல டீச்சர். சீட்டு தள்ளியிருக்கு. நாலு விரல் முன்னால இழுத்தா முடிஞ்சுது.”

“அது அவர் வச்ச அளவு,” என்றாள்.

மெக்கானிக் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு, சீட்டு ஓடுகிற கம்பியில் ஆணியால் குறி போட்டுத் தருகிறேன், வீட்டுக்காரர் வரும்போது அதே இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனிதர்.

“வந்து உட்கார்றப்ப முழங்கால் இடிச்சா, நான் எதிர்பார்க்கலன்னு ஆயிடும் அண்ணே.”

[என் பொறாமை இங்கேதான். பையோடு போன அந்த மனிதர்மேல். ஒருத்தி பதினாலு மாதமாகக் கால் எட்டாமல் ஓட்டுகிறாள். எனக்காக யாரும் ஒரு நாற்காலியைக்கூட அப்படி வைத்திருந்ததில்லை.]

[முதுகுக்குத் தலையணை வைக்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: வைத்துப் பார்த்தாள், நழுவியது. உண்மையில் நான்தான் நழுவவிட்டேன்.]

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இந்தக் கியருக்கு இனி மாற்று கிடைக்காது என்றார்.

“இப்படியே ஓட்டினா ஆறு மாசம். அப்புறம் அவரே வந்தாலும் ஓட்ட முடியாது.”

அவள் எதுவும்

5
அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும். முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: இழுக்கிறாள். பாதம் முழுசாகப் பதிகிறது, கியர் சத்தமில்லாமல் விழுகிறது. அந்தச் சத்தமின்மையில் அழுகிறாள்.

இரண்டு: இழுக்கவில்லை. ஆறு மாதத்தில் கார் ஷெட்டில் நின்றுவிடுகிறது, அவருக்கு அளவான இருக்கையோடு.

மூன்றாவதை எழுதத்தான் இந்தக் கதையையே தொடங்கினேன்: அவர் வருகிறார். எத்தனையோ தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் கேட் வரை வந்தார். உள்ளே கூட்டிவர எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

ஆகவே இப்போதைக்கு இப்படி. மெக்கானிக் இறங்கி, அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார். டீச்சரின் கை இருக்கைக்கு அடியில், அந்தக் கம்பியின்மேல் இருக்கிறது. நீங்களும் யாருக்காகவோ எதையோ நகர்த்தாமல் வைத்திருப்பீர்கள். அதை நகர்த்திவிட்டீர்களா? சொல்லுங்கள். அதுவரை இவள் கை அங்கேயே இருக்கும்.